பயிற்சியின் மேல் விழுந்த பழி: கால் வீக்கத்துடன் வந்த ஓர் ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

“எடை குறைய வேண்டும் என்றுதான் நடக்க ஆரம்பித்தேன் டாக்டர். 19 நாளில் இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறது. காலும் வீங்கிவிட்டது. உன் உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடு என்கிறார் மாமியார். விட்டுவிடட்டுமா?”

கேட்டவர் 47 வயது கணக்கு ஆசிரியை. இந்தக் கேள்வியை வெவ்வேறு குரல்களில் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. ‘புதிதாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும், தானாகச் சரியாகிவிடும்’ என்பது ஒன்று. சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, ‘கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள்’ என்று அனுப்புவது மற்றொன்று. இந்த ஆசிரியையிடம் இரண்டுமே தவறாகப் போயிருக்கும். ஏன் என்று விரிவாக எழுதவே இந்த ஆய்வு. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த கதை

நான்கு ஆண்டுகளாக அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. தினமும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தார். டிசம்பர் கடைசியில் வேறொரு மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போனபோது அழுத்தம் 154/94 இருந்தது. மாத்திரை 10 மில்லிகிராமாகக் கூட்டப்பட்டது. எடையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்ற அறிவுரையும் உடன் வந்தது. இரண்டையும் அவர் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார். புதிய மாத்திரையை மறுநாளே ஆரம்பித்தார். நடையைப் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஆரம்பித்தார்.

காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் 45 நிமிட நடை. வாரத்தில் மூன்று மாலைகள் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம். முதல் மாலையே அறுபது முறை உட்கார்ந்து எழவைத்திருக்கிறார்கள். மறுநாள் மாலை தொடங்கிய தொடைவலி மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போனது. வாசலில் கோலம் போடக் குந்த முடியாமல், மகள் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஆனாலும் விடவில்லை. அந்த உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். பத்துப் பேரில் பலர் மூன்றாம் நாளே நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் வாரத்தில் மாலை நேரங்களில் செருப்பு வார் பதிந்த தடம் காலில் தெரிய ஆரம்பித்தது. நடந்து முடித்ததும் மோதிரம் இறுகியது. தினமும் காலையில் எடை பார்த்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடும் போட்டிருந்தார். அந்தத் தாளை மடித்து எடுத்துவந்திருந்தார். தொடங்கிய நாளில் 71.2 கிலோ. ஐந்தாம் நாள் 72.3. அங்கிருந்து மூன்று நாட்களுக்குக் கோடு படுத்துக் கிடந்தது. எட்டாம் நாளிலிருந்து மறுபடி ஏறியது: பதினான்காம் நாள் 73.5, என்னிடம் வந்த காலையில் 73.7.

அந்தத் தாளை அன்று நான் போதுமான கவனத்துடன் படிக்கவில்லை. இரண்டு ஏற்றங்கள், நடுவில் ஒரு சமவெளி. ஒரே காரணம் இருந்திருந்தால் கோடு அப்படி நின்று மறுபடி ஏறியிருக்காது. விடையின் பாதி அந்தத் தாளிலேயே இருந்தது.

பார்த்ததும் அளந்ததும்

கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தினேன். குழி விழுந்தது, மெதுவாகத்தான் நிரம்பியது. இரண்டு கால்களிலும் ஒரே அளவு. கெண்டைக்காலில் வலியோ சூடோ இல்லை. கழுத்துச் சிரை எழும்பவில்லை, நுரையீரல் தெளிவாக இருந்தது, காலையில் முகம் ஊதுவதில்லை. நாடித்துடிப்பு 76. இரத்த அழுத்தம் 148/92: மருந்து இரட்டிப்பான பிறகும் கிட்டத்தட்ட இறங்கவே இல்லை. அது எனக்கு உறுத்தியது.

சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டேன். இயல்பாகவே இருக்கிறது என்றார். புதிதாகப் பயிற்சி தொடங்கி வலியோடும் வீக்கத்தோடும் வருகிற எவரிடமும் இதைக் கேட்காமல் விடக்கூடாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் 2011 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுமார் மூன்று வார விடுமுறைக்குப் பின் திரும்பிய வீரர்களை, தோளில் எடையுடன் நூறு முறை உட்கார்ந்து எழவைத்தார்கள். சில நாட்களில் 13 பேர் மருத்துவமனையில் இருந்தார்கள். தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும் நிலை அது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறிவிடும். அந்த வீரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர்களுக்கே அந்தக் கதி என்றால், ஆண்டுக்கணக்கில் பயிற்சியே இல்லாத ஒருவரை முதல் நாளே அறுபது முறை உட்கார்ந்து எழவைப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

சோதனைகளில் சிறுநீரில் புரதம் இல்லை. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, பொட்டாசியம் 4.6, இரத்த ஆல்புமின் 4.1, தைராய்டு இயல்பு, இசிஜி இயல்பு. தசையிலிருந்து கசியும் சி.பி.கே. என்ற நொதி 640, ஆய்வகத்தின் மேல் எல்லை 170. பயிற்சியில் புதிதாக இறங்கியவருக்கு இவ்வளவு ஏறுவது வியப்பில்லை. மேல் எல்லையின் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தால்தான் தசைச் சிதைவைப் பற்றி யோசித்திருப்பேன். ஹீமோகுளோபின் சென்ற ஆண்டு 12.1 இருந்தது, இப்போது 11.3.

இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டாமா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் முதல் வாரம் மைதானத்தை நான்கு சுற்றுச் சுற்றியவர், இப்போது அதே நேரத்தில் ஆறு சுற்றுச் சுற்றுகிறார்; மூச்சு வாங்குவதில்லை; இரவில் ஒரு தலையணையில் தூங்குகிறார். தளர்ந்த இதயம் இப்படி வாரத்துக்கு வாரம் முன்னேறாது. இரண்டு வாரத்தில் வீக்கம் குறையாவிட்டால் எடுப்போம் என்றேன்.

எந்தத் தண்ணீர், எங்கே நிற்கிறது

பயிற்சி ஆரம்பித்ததும் உடல் தண்ணீரைச் சேர்த்துவைப்பது உண்மைதான். ஆனால் அது ஒரே இடத்தில் சேர்வதில்லை. இடத்தைப் பிரித்துப் பார்க்காமல் ‘நீர் கோத்திருக்கிறது’ என்று ஒரே சொல்லில் முடிப்பதுதான் குழப்பத்தின் வேர்.

முதலாவது, தசைக்குள் நிற்கும் தண்ணீர். உட்கார்ந்து எழும்போது எழுவதைவிட மெல்ல உட்காருவதே தசையை அதிகம் புண்ணாக்குகிறது; பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள வேண்டியிருப்பதால் நுண்ணிய நார்கள் பிய்கின்றன. ஓரிரு நாள் கழித்து வரும் இந்த வலியை 1902இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் விவரித்து, தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். கிழிந்த இடத்தைச் செப்பனிட நீரும் செல்களும் அங்கே கூடுகின்றன. இதோடு, தசை தன் எரிபொருளான கிளைக்கோஜனை முன்பைவிட அதிகமாகச் சேமிக்கிறது; ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. நூறு கிராம் கூடுதலாகச் சேர்ந்தாலே எடை இயந்திரத்தில் நானூறு கிராம் தெரியும். தொடை இறுகியதுபோல் இருக்கும். அழுத்தினால் குழி விழாது.

இரண்டாவது, இரத்தத்துக்குள் நிற்கும் தண்ணீர். வியர்வையையும் தசையின் தேவையையும் சமாளிக்க, பயிற்சி தொடங்கிய முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. தினமும் நெடுநேரம் பயிற்சி செய்பவர்களுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுவதுண்டு. சிவப்பணுக்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை என்பதால் ஹீமோகுளோபின் குறைந்ததுபோல் தெரியும். ஆசிரியையின் 11.3க்கு இதில் பங்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டு இரத்தச் சோகை என்று இரும்பு மாத்திரையை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கலாம்.

கணுக்காலில், தோலுக்கடியில், அழுத்தினால் குழி விழுகிற தண்ணீர் மூன்றாவது. பயிற்சி மட்டுமே இதைக் கொண்டுவர முடியுமா? முடியும், ஆனால் அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1970களின் இறுதியிலும் 1982இலும் வெளியான மலைநடை ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. நாள்தோறும் பல மணி நேரம், ஐந்து முதல் ஏழு நாட்கள் தொடர்ந்து, மேடு பள்ளங்களில் ஆட்களை நடக்கவிட்டு, அவர்கள் உடலில் சேரும் சோடியத்தைக் கணக்கிட்டார்கள். சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்தது. தண்ணீர் செல்களுக்கு வெளியே வந்து தேங்கியது. இந்த ஆய்வுகளில் முன்னின்ற ஜேம்ஸ் மில்லெட்ஜ் 1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். இமயத்தின் உயரத்திலும் நம் ஊர் வெயிலிலும் மனித உடலைப் பார்த்த அந்த மருத்துவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நம் ஆசிரியை நடந்தது நாளுக்கு 45 நிமிடம், சமதள மைதானத்தில், ஜனவரி மாதக் காலைக் குளிரில். அதனால் மட்டும் கணுக்காலில் குழி விழாது. நடக்கும்போது கைகளைத் தொங்கவிட்டு வீசுவதால் விரல்கள் ஊதி மோதிரம் இறுகலாம். அரை மணி நேரத்தில் வடிந்துவிடும், அவருக்கும் வடிந்துவிட்டது. முதல் ஐந்து நாட்களில் ஏறிய 1.1 கிலோவில் பெரும்பகுதியைத் தசையும் இரத்தமும் விளக்கிவிடும். மீதிக்கு வேறெங்கோ தேட வேண்டியிருந்தது.

கேட்டுக் கேட்டுக் கிடைத்தவை

“வலிக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா டீச்சர்?”

“மருந்துக்கடையில் சொல்லி வாங்கினேன். காலை ஒன்று, இரவு ஒன்று.”

அசெக்லோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. இரண்டாம் நாள் தொடங்கிப் பதினேழு நாட்களாக இடைவிடாமல் விழுங்கியிருக்கிறார். சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பதிலும் உப்பை வெளியே விடுவதிலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்களுக்குப் பங்கு உண்டு. அசெக்லோஃபெனாக் வகை வலிநிவாரணிகள் அவற்றின் உற்பத்தியையே தடுக்கின்றன. உப்பு தேங்கும், கூடவே நீர் தேங்கும், இரத்த அழுத்தம் ஏறும், அழுத்தத்துக்குச் சாப்பிடும் மருந்தின் பலன் மங்கும். 148/92 ஏன் என்று அப்போது புரிந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். தொடைவலி ஏற்கெனவே முக்கால்வாசி போயிருந்தது, பழக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடையை நிறுத்த வேண்டாம், உட்கார்ந்து எழுவதைப் பத்தாகக் குறைத்து வாரத்துக்கு ஐந்து கூட்டுங்கள் என்றேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். எடை 73.1. அழுத்தம் 138/86. முன்னேற்றம்தான், ஆனால் கணுக்காலில் குழி அப்படியே. இந்த முறை வரைபடத்தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எட்டாம் நாளில் விரலை வைத்துக் கேட்டேன்: “அன்று புதிதாக என்ன செய்தீர்கள்?”

வெகுநேரம் யோசித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறம். ஏழாம் நாள் இரவு கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்திருக்கிறது. மறுநாள் பயிற்சிக் கூடத்தில் சொன்னபோது, தினமும் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு லிட்டர்.

“சென்ற முறை சொல்லவில்லையே டீச்சர்?”

“நீங்கள் மாத்திரை பற்றித்தானே டாக்டர் கேட்டீர்கள். இது சத்துத் தண்ணீர்தானே?”

தவறு என்னுடையது. என் கேள்வி குறுகலாக இருந்தது.

ஓ.ஆர்.எஸ். ஒரு மகத்தான மருந்து. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை டிரம்களில் நிரப்பிவைத்துக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றினார். வயிற்றுப்போக்கில் உப்பையும் நீரையும் இழந்துகொண்டிருப்பவருக்கான கலவை அது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஏற்ற இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் உண்டு. எடையாகச் சொன்னால் 1.7 கிராமுக்குச் சற்று மேல். ஒரு நாளுக்கு மொத்தமாக 2 கிராம் சோடியத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அதே நிறுவனத்தின் அறிவுரை. அதாவது சாம்பார், ஊறுகாய், அப்பளம் எதுவும் நாவில் படுவதற்கு முன்பே ஆசிரியையின் அன்றைய ஒதுக்கீடு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. உப்பை வெளியே விடத் தயங்கும் சிறுநீரகம் ஒருபுறம், உப்பைக் கொட்டும் பாட்டில் மறுபுறம். எட்டாம் நாளிலிருந்து கோடு ஏறியதில் ஒரு மர்மமும் இல்லை.

பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும் என்றேன். ஐந்தே நாளில் எடை 71.9க்கு இறங்கியது. தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது.

மிச்சமிருந்த குழி

ஆனாலும் மாலையில் கணுக்கால் வீக்கம் முழுதாகப் போகவில்லை. எடை இறங்கிய பிறகும் வீக்கம் நிற்கிறது என்றால், உடல் முழுவதும் தேங்கிய உப்புநீர் அல்ல, அந்த இடத்திலேயே ஏதோ கசிகிறது என்று பொருள். அம்லோடிபினின் குணம் அதுதான். நுண்குழாய்களுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளை அது நன்றாக விரிக்கிறது. வெளியே கொண்டுபோகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரத்து கூடி வடிகால் அப்படியே இருந்தால் வாய்க்கால் கரை கசியும் அல்லவா, அதேபோல் நீர் திசுவுக்குள் கசிகிறது. நாளெல்லாம் கரும்பலகை முன் நிற்பவருக்கு அது கணுக்காலில்தான் இறங்கும்.

மருந்தின் அளவைப் பொறுத்தது இது. மருந்தோடு வரும் அதிகாரபூர்வத் தகவலின்படி, 5 மில்லிகிராமில் 3 சதவீதம் பேருக்கு வந்த வீக்கம் 10 மில்லிகிராமில் 10.8 சதவீதம் பேருக்கு வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, பெண், நின்று வேலை செய்பவர், அளவு இரட்டிப்பாகி ஏழு வாரம். கண்ணெதிரே இருந்த காரணம்.

இதை ஏன் யாரும் நினைக்கவில்லை? நடை ஆரம்பித்த நாள் அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. அதற்காக அலாரம் வைத்தார், புதுக் காலணி வாங்கினார், வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். மாத்திரை மாறியதோ, அதே அட்டை, அதே வெள்ளை நிறம், காலை இட்லிக்குப் பின் அதே ஒரு மாத்திரை. மாறியது என்றே அவருக்குத் தோன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இங்கே சிறுநீரை வெளியேற்றும் மாத்திரையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ இறங்கியிருக்கும், அவரும் மகிழ்ந்திருப்பார். ஆனால் அம்லோடிபின் வீக்கத்துக்கு அந்த மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. இங்கே குறை குழாய்களின் அழுத்தத்தில் இருக்கிறது. பொட்டாசியம் குறையும், சதை பிடித்து இழுப்பது கூடும், அதற்கு மறுபடி ஓ.ஆர்.எஸ். கரைப்பார். நிறுத்தினால் உடல் முன்பைவிட ஆவலாக உப்பைப் பிடித்துவைக்கும். இப்படிச் சிக்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அந்த மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அவருடைய முந்தைய மருத்துவரிடம் பேசினேன், உடனே ஒப்புக்கொண்டார். அம்லோடிபினைப் பழையபடி 5 மில்லிகிராமாகக் குறைத்து, டெல்மிசார்டான் என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்தை 40 மில்லிகிராம் சேர்த்தோம். இந்த வகை மருந்து சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் அம்லோடிபின் வீக்கத்தைக் குறைக்க உதவும். கருவிலிருக்கும் குழந்தைக்கு இது தீங்கானது என்பதால், மாதவிடாய் நிற்காத பெண்களிடம் கருத்தரிக்க வாய்ப்புண்டா என்று கேட்காமல் எழுதக்கூடாது. இவர் பல ஆண்டுகளுக்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இரண்டு வாரம் கழித்துப் பார்த்த கிரியாட்டினினும் பொட்டாசியமும் இயல்பாக இருந்தன. அந்த வாரமே கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழவில்லை. எக்கோவுக்குத் தேவை ஏற்படவில்லை.

ஒரு விஷயத்தை அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால், வீக்கத்தோடு மூச்சுத்திணறல் வந்தால், சிறுநீர் கருத்தாலோ அளவில் குறைந்தாலோ, காலையில் எழும்போதே முகம் ஊதியிருந்தால், காரணம் தேடிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது

முதல் சந்திப்பிலிருந்து எட்டாவது வாரத்தில் எடை 70.6. தொடங்கியபோது இருந்ததைவிட அறுநூறு கிராம்தான் குறைவு. ஆனால் இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டரிலிருந்து 88க்கு வந்திருந்தது, இரத்த அழுத்தம் 126/80, ஹீமோகுளோபின் 11.9, இரும்பு மாத்திரை எதுவும் இல்லாமலே. எடையை இனி வாரத்துக்கு ஒரு முறை மட்டும் பார்க்கும்படியும், மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் ஏறுவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். வரைபடத்தாளில் இப்போது எடைக்கோட்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்கும் ஒரு கோடு போடுகிறார்.

உட்கார்ந்து எழுவது நாற்பதை எட்டிவிட்டது. டெல்மிசார்டான் சாப்பிடும்போது அசெக்லோஃபெனாக் போன்ற வலிநிவாரணியைச் சேர்த்தால் சிறுநீரகத்துக்குக் கேடு என்பதால், அவருடைய மருந்துச் சீட்டின் மேலே ‘கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளிலும் இரண்டு கூடியிருக்கின்றன: பழைய மாத்திரைகளில் எதன் அளவாவது சமீபத்தில் மாறியதா, தண்ணீர் பாட்டிலில் என்ன கலக்கிறீர்கள்.